பழுதுபார்ப்பும் மறுகட்டுமானமும்: மும்பையின் பழைய கட்டடங்களை இடிப்பது எது?

2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பை வழங்கியது. தனியாருக்குச் சொந்தமான எல்லாச் சொத்தையும் அரசமைப்புச் சட்டத்தின் 39(ஆ) பிரிவு குறிப்பிடும் ‘சமூகத்தின் பொருள்வளம்’ என்று கொள்ள இயலாது என்பது அதன் சாரம். தீர்ப்பு வந்த நாளில் சோசலிசம் பற்றியும் சொத்துரிமை பற்றியும் நீதிபதி கிருஷ்ண ஐயரின் பழைய கருத்து பற்றியும் நாடெங்கும் விவாதம் நடந்தது. வழக்கு எங்கிருந்து புறப்பட்டது என்பதைப் பலரும் கவனிக்கவில்லை. அது தென்மும்பையின் ஒழுகும் கூரைகளிலிருந்தும், முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்ட மாடிப்படிகளிலிருந்தும் புறப்பட்ட வழக்கு.

மகாராட்டிர வீட்டுவசதிச் சட்டத்தில் 1986இல் 8-அ என்றொரு அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஒரு பழைய வாடகைக் கட்டடத்தில் குடியிருப்போரில் 70 விழுக்காட்டினர் கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டு விண்ணப்பித்தால், அரசு அக்கட்டடத்தைக் கையகப்படுத்தி அவர்களிடமே ஒப்படைக்கலாம். உரிமையாளருக்குக் கிடைக்கும் இழப்பீடு மாத வாடகையின் நூறு மடங்கு. இதை எதிர்த்துச் சொத்து உரிமையாளர் சங்கம் நீதிமன்றம் சென்றது. உரிமையாளர்கள் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதில்லை, அதனால் மக்கள் சாகிறார்கள் என்றது அரசு. பழுதுபார்க்கப் போதுமான வாடகை வருவதில்லை என்றனர் உரிமையாளர்கள். இரு தரப்பும் சொன்னது உண்மை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அவ்வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அரசமைப்பு சார்ந்த வினாக்களுக்கு விடையளித்தனர். அந்த அத்தியாயம் செல்லுமா, செல்லாதா என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை.

மரபுக் கட்டடங்களைப் பற்றிய நம் உரையாடல்கள் பெரும்பாலும் இருவரை மட்டுமே அரங்கில் நிறுத்துகின்றன. ஒருவர் பழமையைக் காக்க விரும்பும் ஆர்வலர், மற்றவர் அடுக்குமாடி எழுப்ப விரும்பும் கட்டுமான நிறுவனத்தார். மும்பையின் நூற்றாண்டு வரலாற்றை இந்த இருவரைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. அங்கே ஒரு கட்டடம் நிற்பதையும் விழுவதையும் தீர்மானித்தவை பெரும்பாலும் மரபுப் பட்டியல் அல்ல. வாடகைச் சட்டமும் பழுதுபார்ப்புச் சட்டமுமே. அவ்விரு சட்டங்களையும் இயற்றியவர்கள் மரபைப் பற்றி எண்ணவில்லை. பின்னர் மரபுச் சட்டத்தை எழுதியவர்களோ பழுதுபார்ப்புச் செலவை யார் ஏற்பது என்னும் கேள்வியைத் தீர்க்காமல் விட்டனர்.

முதலில் கட்டடங்கள் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகக் காணலாம். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறியபோது பம்பாயில் செல்வம் பெருகியது; ஆளுநர் பார்ட்டில் ஃபிரியர் காலத்தில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டு நகரம் விரிந்தது. ஆலைகள் பெருகப் பெருகத் தொழிலாளர் வந்து குவிந்தனர். ஒரு நீண்ட பொது நடை, அதையொட்டி வரிசையாக ஒற்றை அறைகள், மாடிக்கு ஒன்றாகப் பொதுக் கழிப்பறை என்ற அமைப்பில் எழுந்தவையே ‘சால்’ என்னும் குடியிருப்புகள். 1896இல் கொள்ளைநோய் பரவியதும், 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது நெரிசலான தெருக்களை இடித்துத் திறந்தது. தொழிலாளருக்குச் சால்களையும், நடுத்தர வகுப்பினருக்காகத் தாதர், மாதுங்கா பகுதிகளில் திட்டமிட்ட குடியிருப்புகளையும் உருவாக்கியது. பின்னாளில் தமிழர் பெருமளவில் குடியேறிய மாதுங்கா அத்திட்டத்தின் விளைவே. அண்ணல் அம்பேத்கர் இருபது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்துடன் வாழ்ந்த பரேல் குடியிருப்பும் அந்த அறக்கட்டளை கட்டிய சால்தான். 1930களில் பேக் பே கடலோரத்தை மேடாக்கிய நிலத்தில் ஆர்ட் டெகோ பாணி அடுக்ககங்கள் எழுந்தன.

இவற்றுள் பெரும்பாலானவை வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டப்பட்டவை. வாடகை வரும், அதில் ஒரு பகுதி பராமரிப்புக்குச் செல்லும், எஞ்சியது முதலீட்டுக்கு வருவாயாக நிற்கும் என்பதே அவற்றைக் கட்டியோரின் கணக்கு. செங்கல் சுவர், தேக்குத் தூண், தேக்கு உத்திரம், மேலே ஓடு என்றமைந்த அக்கட்டடங்களுக்கு இடைவிடாத பராமரிப்பு தேவை. பம்பாயின் மழை நான்கு மாதம் பெய்வது. அறைக்குள்ளேயே அமைந்த குளியல் மூலையிலிருந்தும் கழிவுக் குழாயிலிருந்தும் கசியும் நீர் உத்திரத்தின் முனையைச் சுவருக்குள் மறைந்த இடத்தில் அழுகச் செய்யும். தொடக்கத்தில் ஓடு மாற்றுவதும் குழாய் மாற்றுவதும் போதும். பத்தாண்டு தள்ளிப்போட்டால் உத்திரத்தை மாற்ற வேண்டும். முப்பதாண்டு தள்ளிப்போட்டால் கட்டடத்தையே கேள்விக்குள்ளாக்க வேண்டும்.

அந்தக் கணக்கை முறித்தது வாடகைக் கட்டுப்பாடு. முதல் உலகப்போர்க் காலத்தில் 1918இலேயே பம்பாயில் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நீடித்து நின்றது 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே. 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ அதுவே ‘நிலையான வாடகை’ என்றது அச்சட்டம். அந்தக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 1941க்கும் 1951க்கும் இடையில் பெரும்பம்பாயின் மக்கள்தொகை ஏறத்தாழ 18 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்ந்தது. பிரிவினையால் அகதிகள் வந்து சேர்ந்தனர். வாடகையைச் சந்தையின் போக்குக்கு விட்டிருந்தால் ஆலைத் தொழிலாளர் நகரின் நடுவில் வாழ்ந்திருக்கவே முடியாது. தற்காலிகமாக இயற்றப்பட்ட அந்தச் சட்டம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு நின்றது. விலைவாசி ஏறியது, கொத்தனார் கூலி ஏறியது, தேக்கின் விலை ஏறியது. வாடகை மட்டும் 1940இலேயே நின்றது.

முடக்கப்பட்ட வாடகைக்கு அடியில் வேறொரு சந்தை முளைத்தது. அதன் பெயர் ‘பக்டி’. தலைப்பாகையைக் குறிக்கும் அச்சொல், அறையின் வாடகை உரிமை கைமாறும்போது கொடுக்கப்படும் பெருந்தொகைக்குப் பெயராயிற்று. புதிதாக வருபவர் வெளியேறுபவருக்கும் உரிமையாளருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார், ரசீது இருக்காது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குற்றமாக்கியிருந்தது. ஆயினும் நகரம் முழுவதும் இது நடந்தது. இதன் விளைவாகக் குடியிருப்பவர் சட்டப்படி வாடகைதாரராகவும், தம் மனத்தளவில் பாதி உரிமையாளராகவும் ஆனார். உரிமையாளரிடம் பத்திரம் இருந்தது, வருவாய் இல்லை. வாடகைதாரரிடம் இடம் இருந்தது, பத்திரம் இல்லை. கட்டடத்தின் மதிப்பு இவ்விருவருக்கும் இடையே பிளவுபட்டது. பராமரிப்புப் பொறுப்போ இருவர் கையிலிருந்தும் நழுவிற்று.

மழைக்கால இடிபாடுகள் தொடர்ந்தபோது அரசு 1969இல் பம்பாய்க் கட்டடப் பழுதுபார்ப்பு மற்றும் மறுகட்டுமானக் கழகச் சட்டத்தை இயற்றியது. பழைய தனியார் வாடகைக் கட்டடங்களின் மீது ‘செஸ்’ என்னும் மேல்வரி விதிக்கப்பட்டது. அதைக் கொண்டும் அரசுப் பணத்தைக் கொண்டும் கழகமே பழுதுபார்க்கும். தீவு நகரில் இதன் கீழ் வந்த கட்டடங்கள் 19,642. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை 1940 செப்டம்பருக்கு முன் கட்டப்பட்ட ‘அ’ பிரிவுக் கட்டடங்கள். வாடகைச் சட்டம் குறித்த அதே தேதியே பழுதுபார்ப்புச் சட்டத்திலும் எல்லைக்கோடாக நின்றது. 1977இல் உருவான மஹாடா என்னும் வீட்டுவசதி ஆணையத்துடன் பின்னர் இக்கழகமும் இணைந்தது.

அச்சட்டத்தின் பெயரிலேயே இரண்டு சொற்கள் ‘மற்றும்’ என்னும் இணைப்பால் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. பழுதுபார்ப்பது கட்டடத்தை நிறுத்தும், மறுகட்டுவது இருப்பதை அகற்றிவிட்டுத் தொடங்கும். ஒரே நிறுவனம் இரண்டையும் செய்யுமாயின், எப்போது ஒன்றை விட்டு மற்றொன்றுக்குச் செல்வது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். சட்டம் வைத்த அளவுகோல் செலவு. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு குறிக்கப்பட்டது. அதை மீறினால் மிகுதியைக் குடியிருப்போர் ஏற்க வேண்டும், அல்லது கட்டடம் மறுகட்டுமானத்துக்குச் செல்லும். கட்டடத்தின் வயது, அழகு, வரலாறு ஆகிய எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. பணப்பற்றாக்குறையில் அழுகிய தேக்குக்குப் பதில் இரும்புச் சட்டம் செருகப்பட்டது. மரக்கைப்பிடி போய்ச் சிமெண்டுச் சுவர் வந்தது. இடிக்கப்படாத கட்டடங்களும் இவ்வாறு கொஞ்சம் கொஞ்சமாகத் தம் உருவத்தை இழந்தன.

1991இல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் இந்தச் சிக்கலுக்கு ஒரு புதிய நாணயத்தை அறிமுகப்படுத்தின. அதுவே எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதைக் கூறும் எண் அது. தீவு நகரில் பொதுவாக 1.33 என்றிருந்த அந்த எண், செஸ் கட்டடத்தை இடித்துக் கட்டுவோருக்கு 33(7) விதியின் கீழ் 2.5 ஆனது, அல்லது பழைய குடியிருப்போருக்குத் தேவைப்படும் பரப்புடன் அதில் 50 விழுக்காட்டு ஊக்கப் பரப்பும் சேர்த்து, எது மிகுதியோ அது அளிக்கப்பட்டது. 1999இல் பல மனைகளை இணைத்தால் ஊக்கப் பரப்பு 60, 70 விழுக்காடு என உயர்ந்தது. குடியிருந்தோருக்குப் புதிய வீடு இலவசம். அரசுக்குச் செலவில்லை. கட்டுமான நிறுவனம் மிகுதித் தளங்களைச் சந்தையில் விற்று இலாபம் பெறும்.

இந்த ஏற்பாட்டின் உள்நோக்கம் தீயது என்று சொல்வதற்கில்லை. எழுபது ஆண்டு முட்டுக்கட்டையை அவிழ்க்க வேறு வழி அரசின் கண்ணில் படவில்லை. ஆனால் அது ஒரே ஒரு செயலுக்கு மட்டும் விலை வைத்தது. இடித்தால் பணம், பழுதுபார்த்தால் செலவு மட்டும். அதற்குப் பிறகு ஒரு கட்டடத்தை நன்றாக வைத்திருப்பது எவருக்கும் ஆதாயமில்லாத செயலாயிற்று. ‘அபாயகரமானது’ என்ற முத்திரை, முன்பு அச்சத்தோடு பெறப்பட்டது, இப்போது சில வேளைகளில் விருப்பத்தோடு எதிர்பார்க்கப்படும் சான்றிதழாக மாறியது.

இதே காலத்தில்தான் மரபுச் சட்டமும் வந்தது. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம் நூறாண்டு கடந்த நினைவுச்சின்னங்களைப் பற்றியது. கோயில், கோட்டை, கல்லறை போன்றவையே அதன் மனத்தில் இருந்தவை. உள்ளே குடும்பங்கள் வாழும் வீட்டுக்கு அங்கே வழியில்லை. எனவே நகர அளவில் வேறொரு முறை தேவைப்பட்டது. 1995 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பெரும்பம்பாய் மரபு விதிகள் இந்தியாவில் அவ்வகையில் முன்னோடி. அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் பகுதிகளும் மூன்று தரங்களாகப் பட்டியலிடப்பட்டன. முதல் தரத்தில் கைவைப்பதற்கே கடும் கட்டுப்பாடு. இரண்டாம் தரத்தில் உட்புற மாற்றங்களுக்கு இடமுண்டு. மூன்றாம் தரத்தில் இன்னும் தளர்வு. கட்டும் உரிமையை இழக்கும் உரிமையாளருக்கு ஈடாக மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை வழங்கப்படும். அதை விற்றால் வாங்கியவர் புறநகரில் கூடுதல் தளம் எழுப்பலாம்.

சிறந்த எண்ணம்தான். ஆனால் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, இந்த ஈட்டில் மாத வாடகைக்கு இருப்பவருக்குப் பங்கில்லை. ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவர் அவர்தான். இரண்டாவது, மரபு விதியும் மறுகட்டுமான விதியும் ஒரே நூலின் இரண்டு பக்கங்களில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. பார்த்தபோது மரபு விதியே விட்டுக்கொடுத்தது. மூன்றாம் தரத்திலுள்ள செஸ் கட்டடங்கள் மறுகட்டுமானத்துக்குச் செல்லும்போது மரபுக் குழுவின் அனுமதி தேவையில்லை என 1999இல் விதி தளர்த்தப்பட்டது. சாதாரண மக்கள் வாழும் சால்களும் தெருவோர வீடுகளும் பெரும்பாலும் அந்த மூன்றாம் தரத்தில்தான் இருந்தன. பேருருவக் கட்டடங்கள் காக்கப்பட்டன. அவற்றைச் சூழ்ந்த நகரம் கைவிடப்பட்டது.

கிர்காவுமிலுள்ள கோதாச்சிவாடி இதற்கு எடுத்துக்காட்டு. மர வராந்தாவும் வெளிப்புறப் படிக்கட்டும் கொண்ட கிழக்கிந்தியக் கிறித்தவர்களின் வீடுகள் நிறைந்த அந்தச் சிறு பகுதியில் ஒருகாலத்தில் 65 வீடுகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை பாதிக்கும் குறைவு. மரபுப் பகுதி என்ற பெயர் அதற்கு உண்டு. அந்தப் பெயரால் வீடுகள் குறைவதைத் தடுக்க முடியவில்லை.

வாட்சன் ஓட்டலின் கதை இன்னும் கூர்மையானது. காலா கோடாவில் 1860களில் எழுந்த அக்கட்டடத்தின் வார்ப்பிரும்புச் சட்டகம் இங்கிலாந்தில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்து பம்பாயில் பூட்டப்பட்டது. வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அங்கேதான். அதே ஆண்டில் மார்க் ட்வெய்ன் அங்கே தங்கினார். ஓட்டல் மூடப்பட்டபின் அறைகள் தடுக்கப்பட்டு வீடுகளாகவும் வழக்கறிஞர் அலுவலகங்களாகவும் வாடகைக்கு விடப்பட்டன. எஸ்பிளனேட் மேன்ஷன் என்பது அதன் புதுப்பெயர். வாடகைச் சட்டம் அதை உறையச் செய்தது. மரபுப் பட்டியலின் இரண்டாம் தரத்தில் அது இடம்பெற்றது. 2005இல் முகப்பின் ஒரு பகுதி சரிந்து ஒருவர் உயிரிழந்தார். உலக நினைவுச்சின்ன நிதியம் 2006ஆம் ஆண்டின் அழியும் நிலையிலுள்ள நூறு இடங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 2019இல் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். சீர்செய்வது சாத்தியமில்லை என்று ஐ.ஐ.டி. மும்பையின் ஆய்வறிக்கை கூற, இடிக்க வேண்டும் என்றது மஹாடா. மீட்க முடியும் என்றனர் மரபுக் கட்டடக்கலைஞர்கள். உயர் நீதிமன்றம் இடையில் நின்றது. உள்ளூர்ப் பட்டியல், உலகப் பட்டியல், நீதிமன்றம் ஆகிய மூன்றின் கவனமும் கிட்டிய ஒரு கட்டடத்துக்கே இந்த நிலை. கிடைக்காத ஒன்று உண்டு: ஆண்டுதோறும் இரும்புக்குச் சாயம் பூசி, ஒழுகும் இடத்தை அடைக்கும் பணம்.

எதிர்ப்புறத்தில் மீண்ட கட்டடங்களும் உள்ளன. 1990களில் மூடப்பட்ட ராயல் ஓப்பரா ஹவுஸ், நெடிய சீரமைப்புக்குப் பின் 2016இல் திறக்கப்பட்டது. அதற்கு உரிமையாளர் கோண்டல் முன்னாள் அரச குடும்பத்தினர், உள்ளே முடக்கப்பட்ட வாடகையில் குடியிருந்தோர் இல்லை. ஓவல் மைதானத்தையொட்டிய ஆர்ட் டெகோ அடுக்ககங்கள் 2018இல் விக்டோரிய கோத்திக் கட்டடங்களுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. மொத்தம் 94 கட்டடங்கள். அவ்வடுக்ககங்களிலும் பல, சால்களைப் போலவே பழைய வாடகையில் இருப்பவை. ஆனால் அங்கே குடியிருப்போர் தம் கையிலிருந்து செலவிட முடிந்தது. தம் தெருவுக்காக வாதாடவும் முடிந்தது. சட்டம் ஒன்றுதான், வசதி வேறு. இதைக் கண்டபின், மரபுணர்வு ஏழைகளுக்கு இல்லை என்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆயினும் பட்டியலை எதிர்த்தவர்கள் ஏழைகள் மட்டுமல்லர். 2012இல் மாநகராட்சி மரபுப் பட்டியலை விரிவாக்க முன்வந்து, சிவாஜி பார்க், தாதர் உள்ளிட்ட குடியிருப்புப் பகுதிகளையும் சேர்க்க விழைந்தபோது அப்பகுதி மக்களே எழுந்து மறுத்தனர். மின்தூக்கி இல்லாத மாடிகளில் முதுமையடைந்தவர்கள் அவர்கள். அடுத்த தெருவில் இடித்துக் கட்டியவர்களுக்குப் புதிய வீடு கிடைத்ததைக் கண்டவர்கள். பட்டியல் என்பது அவர்களுக்குப் பெருமையாகத் தோன்றவில்லை, கதவடைப்பாகத் தோன்றியது. பாதுகாப்பு வேண்டும் என்று வெளியிலிருந்து கேட்பவர், அதன் செலவை உள்ளே இருப்பவர் தலையில் வைக்கிறார் என்ற அவர்களது வாதத்துக்கு அன்றும் விடை சொல்லப்படவில்லை.

அந்த விடை இல்லாதவரை, இடிபாடுகளே வாதத்தை முடித்துவைக்கும். 2017 ஆகஸ்ட் 31 அன்று பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் விழுந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அபாயகரமானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்ட கட்டடம் அது. சுமார் 250 கட்டடங்களை அகற்றி 16.5 ஏக்கரை மறுபடி கட்டும் பெருந்திட்டத்துக்குள் இருந்தது. அங்கே இறந்தவர்களின் முன்னால் மர வராந்தாவின் வேலைப்பாட்டைப் பற்றிப் பேச எவருக்கும் வாய் வராது, வரவும் கூடாது. ஆனால் அந்த மரணங்கள் பழமையால் நேர்ந்தவை அல்ல. இடித்துக் கட்டும் நாள் வரும் என்று காத்திருந்த ஆண்டுகளில் பழுதுபார்ப்பு நின்றுபோனதால் நேர்பவை இவை. மறுகட்டுமானம் என்னும் வாக்குறுதியே பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடும் காரணமாகிறது.

உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் மல்பே விசுவநாத் ஆசார்யா வழக்கில் இந்த முடிச்சின் ஒரு நுனியைத் தொட்டது. 1947இல் நியாயமாக இருந்த நிலையான வாடகை, காலமாற்றத்தால் நியாயமற்றதாகிவிட்டது என்றது. சட்டம் சில மாதங்களில் காலாவதியாகவிருந்ததால் அதை நீக்காமல் சட்டமன்றத்திடம் விட்டது. பின்னர் வந்த 1999ஆம் ஆண்டின் மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது. அது ஏறுவதோ முடங்கிய பழைய தொகையின் மேல். ஐம்பது ரூபாயில் 4 விழுக்காடு இரண்டு ரூபாய். அதைக் கொண்டு ஓர் ஓட்டையும் அடைக்க இயலாது. வங்கிகள், ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மூலதனமுள்ள நிறுவனங்கள் முதலியவற்றுக்குப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. அதுவரை மறைவில் நடந்த பக்டி சட்டபூர்வமாயிற்று. பராமரிப்புக்கான பணத்தை யார், எந்த அளவில், எந்தக் கணக்கில் செலுத்துவது என்ற இடம் மட்டும் வெற்றாகவே இருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த திருத்தமும் அபாயகரமான கட்டடத்துக்கு முதலில் உரிமையாளர், அடுத்துக் குடியிருப்போர், கடைசியில் மஹாடா என்று ஒரு படிவரிசையை வகுத்தது; ஒவ்வொரு படியும் மறுகட்டுமானத்தை நோக்கியே ஏறுகிறது.

மறுகட்டுமானம் வாழ்வை உயர்த்துவதில்லையா என்ற கேள்வி நியாயமானது. ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில், 1920களில், பம்பாய் வளர்ச்சித் துறை கட்டிய 207 பி.டி.டி. சால்களில் ஓர் அறை 160 சதுர அடி. வொர்லி, நாய்காவ், என்.எம். ஜோஷி மார்க் பகுதிகளில் இப்போது நடக்கும் மறுகட்டுமானத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 500 சதுர அடி வீடு. வொர்லியில் முதல் 556 வீடுகள் 2025 ஆகஸ்டில் ஒப்படைக்கப்பட்டன. நான்கு தலைமுறைகள் ஒரே அறையில் வாழ்ந்த குடும்பத்துக்கு அதன் பொருள் என்ன என்பதை எந்த மரபு ஆர்வலரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. எல்லாச் சால்களையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பது இங்கே வாதமும் அல்ல. எதை நிறுத்துவது, எதை விடுவது என்று தேர்வு செய்யும் நிலைக்கு நகரம் வர வேண்டுமானால், நிறுத்துவதற்கும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்பதே வாதம்.

அந்த வழியின் உறுப்புகள் புதியவை அல்ல. சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. வளர்ச்சி உரிமையை விற்ற பணம் அந்தக் கட்டடத்தின் கூரைக்கும் குழாய்க்குமே முதலில் செல்ல வேண்டும் என்று பிணைக்கலாம். செஸ் நிதியின் செலவு வரம்பை, கட்டடத்தின் எஞ்சிய ஆயுளையும் மரபுத் தகுதியையும் கணக்கில் கொண்டு வகுக்கலாம். வாடகையைப் படிப்படியாக உயர்த்தி, அவ்வுயர்வைப் பராமரிப்புக் கணக்கில் பூட்டி, கொடுக்க இயலாதவருக்கு அரசு ஈடு செய்யலாம். 8-அ அத்தியாயத்தின் கூட்டுறவுச் சங்கத்தைப் பழுதுபார்க்கும் சங்கமாகவும் இயங்க விடலாம். இவற்றுக்குப் பணம் வேண்டும் என்பது உண்மையே. இடிப்பதற்கும் பணம் செலவாகிறது. அது கூடுதல் தளமாக வழங்கப்படுவதால் நிதிநிலை அறிக்கையில் தெரிவதில்லை. அந்தத் தளங்களுக்குரிய குடிநீரையும் கழிவுநீர்க் குழாயையும் சாலை நெரிசலையும் நகரம் பின்னர் தன் கணக்கில் ஏற்கிறது.

இவ்வரலாற்றின் மிகத் தெளிவான சான்று மரபுப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. 1969க்குப் பின் பழைய செஸ் கட்டடங்களை இடித்துக் கழகமும் மஹாடாவும் எழுப்பிய கான்கிரீட் கட்டடங்களில் 388, இன்று தாமே பழுதடைந்து மறுகட்டுமான வரிசையில் நிற்கின்றன. அவற்றில் தேக்குத் தூண் இல்லை, மர வராந்தா இல்லை, மரபுக் குழுவின் தடையும் இருந்ததில்லை. அவை அகற்றிய கட்டடங்களுள் பல, அவற்றைவிட நெடுங்காலம் நின்றவை.